ஒரு காலி எக்செல் தாளுக்காக

அன்புள்ள அக்காவுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்,

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம். மருத்துவத் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் நோயாளிகளின் தரவைத் தொகுத்து எழுதிய ஆய்வுச் சுருக்கம், கடைசி நேரச் சிக்கலையும் தாண்டி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என்ன சிக்கல், யார்மேல் தப்பு என்று மறுபடி கிளற வேண்டாம். படபடப்பு அடங்கும் முன்னே நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. நீங்கள் டாக்டரும் இல்லை, இந்த ஊர்க்காரரும் இல்லை. யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டு, யார்மேல் தப்பு என்று ஒரு வார்த்தை கேட்காமல், இரவோடு இரவாக ஒரு காலி எக்செல் கோப்பை அனுப்பிவைத்தீர்கள்.

காலி என்பது பேருக்குத்தான். ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை, ஒரு விவரத்துக்கு ஒரு பத்தி (மேலிருந்து கீழாக வரும் column). இரத்த அழுத்தத்தை 120/80 என்று ஒரே கட்டத்தில் எழுதினால் கணினிக்கு அது எண்ணே இல்லை, வெறும் எழுத்து. ஆகவே மேல் அளவுக்கு ஒரு கட்டம், கீழ் அளவுக்கு ஒரு கட்டம். சிகிச்சைக்குத் திரும்பி வராதவரை மஞ்சள் பூசிக் காட்டினால் புள்ளியியல் மென்பொருள் மஞ்சளைப் படிக்காது; அதற்கும் ஒரு பத்தி, 0 அல்லது 1. எடுக்காத சோதனைக்கு 0 போட்டால் சராசரி சரிந்துவிடும், காலியாகத்தான் விட வேண்டும். சர்க்கரை அளவு மில்லிமோலா மில்லிகிராமா என்பது தலைப்பிலேயே இருந்தது: 7 மில்லிமோலும் 126 மில்லிகிராமும் ஒரே அளவுதான், ஒரே பத்தியில் கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்க உயிர் போகும். தேதிக்கு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பத்தி. ஏப்ரல் 3ஐ 3/4 என்று தட்டினால், அமெரிக்க முறையில் இருக்கும் மடிக்கணினி அதை மார்ச் 4 ஆக்கிவிடும், சத்தமில்லாமல்.

பெயரை நீக்கிவிட்டு ஐசி (அடையாள அட்டை) நம்பரை அப்படியே விட்டுவைப்பது பலர் செய்வது. அதன் முதல் 6 இலக்கமே பிறந்த தேதி. ஐசி இருந்தால் பெயர் இருந்த மாதிரிதான். போதாததற்கு, 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் நம்பர் 0வில் தொடங்கும், எக்செல் அதைத் தின்றுவிடும். உங்கள் தாளில் வரிசை எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறு கோப்பில், கடவுச்சொல் போட்டு.

இனத்துக்கான பத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வழக்கமாக மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின் (மற்றவர்கள்) என்று நான்கோடு முடிந்துவிடும். நீங்கள் ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடிகளுக்குத் தனிக் குறி கொடுத்திருந்தீர்கள். சுங்கை சிப்புட்டை அடுத்த லாசா பக்கத்தில் இருக்கும், ஓராங் அஸ்லியில் ஒரு பிரிவான தெமியார் கிராமத்துக்காரர்கள் வந்துபோகிற கிளினிக்குகளில் இது சின்ன விஷயமில்லை. லாயின்-லாயினில் அடைத்துவிட்டால் அவர்களுடைய நோயும் கணக்கில் காணாமல் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டாவது தாள். ஒவ்வொரு பத்திக்கும் எதிரே, ஏன் இப்படி என்று தமிழில் ஒரு வரி. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. காரணத்தையும் எழுதிக் கொடுத்தீர்கள் பாருங்கள், அதனால் அடுத்த பிள்ளைக்கு உங்களைத் தேட வேண்டியிருக்காது.

தோட்டத்துப் பிள்ளைகள் மருத்துவம் படிக்காமல் இல்லை. படித்து, ஹவுஸ்மேன்ஷிப் எனும் மருத்துவமனைப் பயிற்சியும் முடிக்கிறார்கள். அதற்கு மேலே, சிறப்பு மருத்துவப் பயிற்சி, பல்கலைக்கழக விரிவுரையாளர் என்று வரும்போதுதான் ஆள் குறைகிறது. நேர்முகத்தில் 'என்ன ஆய்வுக் கட்டுரை வெளியிட்டீர்கள்' என்று கேட்கிறார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே காதில் விழும். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் ஆய்வு என்றால் முதலில் என்.எம்.ஆர்.ஆர் எனும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு, பிறகு நெறிமுறைக் குழுவின் அனுமதி, அதன் பிறகே தரவு. முந்திக்கொண்டு எடுத்த தரவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உதவாது. கட்டுரையாசிரியர் பட்டியலும் அப்படித்தான். தரவு சேகரித்ததற்காக மட்டும் பெயர் வராது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பு, நான்கும் வேண்டும் என்பது மருத்துவ இதழாசிரியர்களின் அனைத்துலகக் குழு வகுத்த விதி. நம் பிள்ளைகள் மாதக்கணக்கில் கோப்பு புரட்டிவிட்டுக் கடைசியில் நன்றியுரையில் ஒரு வரியாக நிற்பது இதனால்தான். கேட்கக் கூச்சம். யாரிடம், எப்போது கேட்பது என்றும் தெரியாது.

மற்றவர்களையும் மறக்கவில்லை. கடை சாத்திய பிறகும் கதவைத் திறந்த போட்டோஸ்டேட் கடை ஆண்ட்டி, கோயில் மண்டபத்தையும் வைஃபையையும் விட்டுக்கொடுத்த நிர்வாகம், ஆங்கிலத்தைச் செப்பனிட்ட படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பு) டீச்சர், ஈப்போவுக்கு வேன் ஓட்டிய அங்கிள், கேட்காமலே நாசி லெமாக் கட்டிக் கொடுத்த அம்மாமார்கள், எல்லாருக்கும் கோடி நன்றி.

இனி நாங்கள் செய்யப்போவது: இந்த ஊர்ப் பிள்ளை எந்த ஆய்வில் சேர்ந்தாலும், தரவைத் தொடும் முன்பே கட்டுரையாசிரியர் வரிசை மின்னஞ்சலில் எழுத்தாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்போம். 'டாக்டர், இந்தக் கட்டுரையில் என் பங்கு என்ன, எத்தனையாவது பெயர்?' என்று மரியாதையாகக் கேட்க ஒரு மாதிரிக் கடிதமும் தயாராகிறது. ஆய்வு எதுவானாலும் முதலில் பத்து நோயாளிகளை மட்டும் தாளில் ஏற்றிப் பார்ப்போம். எந்தப் பத்தி சொதப்பும் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

தாளின் பிரதி மண்டபக் கணினியில் இருக்கிறது. பல் மருத்துவம், மருந்தியல், தாதிமை படிப்பவர்களுக்கும் பொருந்தும். பென்டிரைவ் கொண்டுவந்து எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளின் விவரம் இருக்கிற பென்டிரைவாக மட்டும் இருக்கக் கூடாது.