மாடசாமிக்கு, ஹுவாங்ஷான் போய் வந்தபின்

அன்புள்ள மாடசாமி,

இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை பாதியில் நிற்கிறது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

நானும் உன் மதினியும் நவம்பரில் சீனாவுக்குப் போய், ஹுவாங்ஷான் மலையில் நடந்து, படம் எடுத்துவிட்டு வந்தோம். போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், சண்டை வரும், மிச்சம் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம். அண்ணாச்சியின் இருட்டறையில் இரண்டு நெகட்டிவைச் சேர்த்து நான் ஒரே தாளில் போட்ட படத்தை "இது படம் இல்லலே, பொய்" என்று சொன்னாயே, அந்த வழக்கை மறுபடி எடுக்கப்போகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் அன்ஹுய் மாகாணத்தின் தெற்குப் பக்கம் போனோம். இறங்கி, பஸ் பிடித்தால் டாங்கோ என்ற அடிவார ஊர். அங்கிருந்து மேலே போகக் கேபிள் கார் இருக்கிறது. உன் மதினிதான் கேட்கவில்லை. "படி எதுக்கு வெட்டி வச்சிருக்கான்?" என்று முன்னால் நடந்துவிட்டாள். மலை முழுக்கச் சேர்த்து அறுபதாயிரத்துக்கு மேல் கருங்கல் படிகள் இருக்கின்றன. சில இடங்களில் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். 1616இல் ஷூ ஷியாகெ என்ற பயணி இங்கே வந்தபோது, உறைந்து கிடந்த படிகளில் கைத்தடியால் ஒரு குழி வெட்டி முன்காலை வைத்து, இன்னொரு குழி வெட்டிப் பின்காலை எடுத்து ஏறினாராம். என் முழங்கால் முணுமுணுத்தபோதெல்லாம் அவரை நினைத்துக்கொண்டேன்.

உயரம் என்று பார்த்தால் தாமரைச் சிகரம்தான் உச்சி, 1,864 மீட்டர். நம் பொதிகை 1,868. நாலு மீட்டர் நாம்தான் கூட! இதை எழுதும்போது உன் முகம் எப்படி மலரும் என்று தெரியும். ஆனால் பொதிகை போல மரம் போர்த்திய மலை இல்லை இது. கருங்கல் தூண் தூணாக நிற்கிறது. மண் என்று ஒரு பிடி இல்லாத பிளவுகளில் பைன் மரம் வேர்விட்டு, தலை தட்டையாக, ஒரே பக்கம் கையை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஒன்று வாசலில் நின்று விருந்தாளியை அழைப்பது மாதிரி இருக்கும். அந்த ஒரு மரத்தைப் பார்த்துக்கொள்வதற்கென்றே 1980களிலிருந்து காவலர் போட்டிருக்கிறார்கள். தாமரைச் சிகரத்தையும் தியாந்து சிகரத்தையும் மாற்றி மாற்றிச் சில வருஷங்கள் மூடிவைத்து, செடிகொடி தழைக்க விடுகிறார்கள். நாங்கள் போனபோது தியாந்து மூடியிருந்தது. அதற்கு எனக்கு வருத்தமே இல்லை. ஒரு மலைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று தோன்றுவதே பெரிய விஷயம்.

இனி வழக்கு.

மேலே போனதும் ஒன்றுமே தெரியவில்லை. ஒரே வெள்ளை. வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் அங்கே மூடுபனிதான். ஷிஷின் சிகரத்தில் ட்ரைபாடை ஊன்றி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பைன் தெரிந்தது. அது மறைந்து, கீழே பள்ளத்திலிருந்து ஒரு கல்தூண் எழும்பியது. அதையும் மேகம் மூடிக்கொண்டு, வெகுதூரத்தில் ஒரு மலைவரிசையை மட்டும் திறந்துவிட்டது. மூன்றும் சேர்ந்து ஒரு கணம்கூடத் தெரியவில்லை, மாடசாமி. ஆனால் எழுந்து வரும்போது என் மனசில் மூன்றும் சேர்ந்த ஒரே மலைதான் இருந்தது. பைன், அதன் பின்னால் தூண், அதற்கும் பின்னால் வரிசை. என் கேமராவில் மூன்று துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வினாடியில் நூற்றி இருபத்தைந்தில் ஒரு பங்கு. இதில் எது நான் பார்த்த மலை? நீயே சொல்.

கிட்டத்தட்ட ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே, சீனாவின் சோங் அரசர்கள் காலத்து ஓவியர் குவோ ஷி இதை யோசித்துவிட்டார். மலையைப் பார்ப்பதில் மூன்று விதத் தூரம் உண்டு என்றார். அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது ஒன்று. முன்னால் நின்று அதன் முதுகுப்புறத்துக்குள் எட்டிப் பார்ப்பது ஒன்று. பக்கத்து மலையிலிருந்து தூரத்து மலையைப் பார்ப்பது ஒன்று. மூன்றும் ஒரே ஓவியச் சுருளில் வரலாம். ஏனென்றால் பார்க்கிறவன் நடந்துகொண்டே இருக்கிறான். பதினேழாம் நூற்றாண்டில் ஷிதாவோ, ஹோங்ரென், மெய் சிங் எல்லோரும் இதே ஹுவாங்ஷானை அப்படித்தான் வரைந்தார்கள்.

பிறகு கேமரா வந்தது. லாங் ஜிங்ஷான் என்ற சீனப் புகைப்படக்காரர் 1930களிலேயே ஒரு நெகட்டிவிலிருந்து மரம், இன்னொன்றிலிருந்து சிகரம், நடுவில் மேகம் என்று சேர்த்துப் பிரிண்ட் போட்டார். 1892இல் பிறந்து 1995வரை வாழ்ந்த மனிதர், கடைசிவரை அந்த வழியை விடவில்லை. அவரையும் நீ பொய்யர் என்பாயா? அந்தப் பாறையில் உட்கார்ந்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவே முடியாது. அவர் சேர்த்தது பல தடவை தனித்தனியாகப் பார்த்ததைத்தான். பார்க்காததை ஒட்டவில்லை.

நீ உடனே புகைப்படக்காரர் வாங் வுஷெங்கை இழுப்பாய் என்று தெரியும். இழு. அன்ஹுய்க்காரர், அந்த மண்ணின் பிள்ளை. 1974இல் தொடங்கி வருஷக்கணக்காக இந்த ஒரு மலையையே கருப்பு வெள்ளையில் எடுத்தார். காத்துக் கிடந்து எடுத்தார். அவர் படங்களைப் பார்த்தால் எனக்கும் பேச்சு வராது. ஆனால் அந்தப் பாறைகளின் கன்னங்கரிய கருப்பைப் பார். அது அங்கே கண்ணுக்குத் தெரிகிற கருப்பா? நான் அங்கே பார்த்த பாறை ஈரத்தில் பழுப்பும் சாம்பலுமாக இருந்தது. அந்தக் கருப்பு அவர் மனசிலிருந்து வந்தது. காத்திருந்து எடுத்தவரும் மனசில் இருந்த மலையைத்தான் தாளில் கொண்டுவந்தார்.

மறுநாள் விடியலில் குவாங்மிங் சிகரத்தில் மேகக்கடல் கிடைத்தது. விடுதியில் கொடுத்த தடிக் கோட்டைப் போட்டுக்கொண்டு இருநூறு பேர் ட்ரைபாடும் கையுமாக நின்றோம். கேமராவின் ஒளிமீட்டர் சொன்னதற்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டித்தான் எடுத்தேன். இல்லாவிட்டால் மேகம் சாம்பலாகிவிடும், உனக்குச் சொல்ல வேண்டுமா. நல்ல படங்கள்தான். என்றாலும் முந்தின நாள் வெள்ளைக்குள் உட்கார்ந்திருந்ததற்கு ஈடில்லை.

உன் மதினி அந்தக் கூட்டத்துக்கே வரவில்லை. 35 மில்லிமீட்டர் லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு படிக்கட்டில் போய் நின்றாள். அவள் எடுத்தது சுமைக்காரர்களை. அவ்வளவு கேபிள் கார் இருந்தும், மேலே இருக்கிற விடுதிகளுக்கு அரிசி, காய்கறி, தண்ணீர் பாட்டில் எல்லாம் கடைசியில் மனிதத் தோளில்தான் வந்து சேர்கிறது. அழுக்குப் போர்வையும் குப்பையும் அதே தோளில் இறங்குகிறது. மூங்கில் காவடியின் இரண்டு முனையிலும் சுமை. கையில் ஒரு கோல். நடக்கும்போது அதை மறுதோளில் கொடுத்துக் காவடிக்கு அண்டை வைக்கிறார்கள். மூச்சு வாங்கும்போது அதையே தரையில் ஊன்றிக் காவடியை அதன்மேல் நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். நம் வயது ஆட்களும் இருந்தார்கள். நான் முந்தின ராத்திரி படுத்த போர்வை அதில் எந்த மூட்டையில் இறங்கியதோ.

அவள் கேமராவைக் காட்டிச் சைகையில் கேட்பாள். ஒருவர் தலையை ஆட்டி மறுத்தார், இறக்கிவிட்டாள். இன்னொருவர் நின்று, தோளிலிருந்து துணியை விலக்கிக் காட்டினார். தோல் தடித்து, காவடி உட்காருகிற இடத்தில் மேடு கட்டியிருந்தது. அந்தப் படத்தை அவள் இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

இங்கேதான் நீ சொன்னது எனக்கு வேறுவிதமாகப் பொருந்துகிறது. என் மலைப் படத்தில் தூரத்துப் படிக்கட்டு ஒன்று காலியாகக் கிடக்கிறது. அவள் படத்திலிருந்து ஒரு சுமைக்காரரை எடுத்து அங்கே வைத்தால் பிரமாதமாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தேன். கை போகவில்லை. மேகத்தையும் மரத்தையும் எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாம், நான் பார்த்த மலை அது. அந்த மனிதர் அவர் ஏறிய படியில்தான் இருக்க வேண்டும். அந்த எடை அந்தப் படியில் இருந்தது, வேறு படிக்கு அதைத் தூக்கிப் போட எனக்கு உரிமை இல்லை. மலைக்கு என் சட்டம், மனிதனுக்கு உன் சட்டம் என்று வைத்துக்கொள்வோமா? சம்மதமில்லை என்றால் காரணத்தோடு எழுது. வெறும் "பொய்" என்று எழுதாதே.

தபாலில் ஐந்து பிரிண்ட் அனுப்புகிறேன். அவற்றில் ஒன்று சேர்த்துப் போட்டது. எது என்று பின்பக்கம் எழுதவில்லை. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி சொன்னாள். சொட்டு மருந்து முடியட்டும், அவசரப்படாமல் பார். கூடவே டுன்ஷி ஊரில் வாங்கின மைக்கட்டி ஒன்றும் இருக்கிறது. பைன் மரப் புகைக்கரியில் செய்வது. நீ இப்போது கோட்டுப்படம் போடுகிறாயாமே, உரைத்துப் பார். மாவோஃபெங் தேயிலைப் பொட்டலம் தங்கச்சிக்கு. பால் ஊற்றிவிடாதீர்கள்.

மணிமுத்தாறு தார்ப்பாய் விவகாரத்தை உன் மதினி இன்னும் மறக்கவில்லை. அதற்கும் சேர்த்துப் பதில் எழுது.

அன்புடன்,
சுடலை