பெட்டிக்கடைக்காரர் சங்கம்: 2025–26 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், மற்றும் கடையைப் பூட்டிவிட்டோ வீட்டில் உள்ளவர்களிடம் ஒப்படைத்துவிட்டோ வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய நாளன்று வைகைக் கரையில் சங்கத்தின் சார்பில் நீர்மோர் கொடுத்தோம். ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டும் உணவுப் பாதுகாப்புப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தவர்களுக்கு, சங்க அலுவலகத்திலேயே உட்கார வைத்து மனு போட்டுக் கொடுத்தோம். செல்லூரிலும் தத்தனேரிப் பக்கமும் புதிதாகக் கடை போட்ட சிலர் சேர்ந்திருக்கிறார்கள். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன.

அப்புறம், இந்த ஆண்டு நம்மை நிஜமாக உலுக்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு 28 சதவீதமும் அதன் மேல் இழப்பீட்டு வரியும் போட்டார்கள். அந்த ஏற்பாடு 2026 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு மாறிவிட்டது. இப்போது ஜிஎஸ்டி 40 சதவீதம். அதோடு, நீளத்தைப் பொறுத்து ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 ரூபாயிலிருந்து 8,500 ரூபாய் வரை கலால் வரி. ஒரு சிகரெட்டுக்குக் கணக்குப் போட்டால் கலால் மட்டும் 2 ரூபாய் 5 காசிலிருந்து 8 ரூபாய் 50 காசு வரை வருகிறது. பீடிக்கு மட்டும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது.

நம் கடைகளில் பாக்கெட்டாக வாங்குபவர் குறைவு, ஒன்று இரண்டாக வாங்குபவர்தான் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரி முதல் வாரத்தில் என் கடையில் ஒரு லோடுமேன் அண்ணன் வழக்கம்போல் ஒன்றை எடுத்து வாயில் வைத்துவிட்டார். விலையைச் சொன்னதும் வாயிலிருந்து எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி என் கையில் கொடுத்துவிட்டு ஒரு கட்டு பீடி கேட்டார். அன்று முதல் அவர் பீடிதான். இன்னும் சிலர் பாதியில் அணைத்து, மீதியைக் காது இடுக்கில் செருகிக்கொண்டு போகிறார்கள். சிகரெட்டை விட்டதாக நினைத்துப் பீடிக்குப் போவதில் உடம்புக்கு ஒரு லாபமும் இல்லை. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு அதில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரி குறைவாக இருப்பதால் அந்தப் புகைக்குக் கெடுதல் குறைந்துவிடாது.

வரி ஏறுவதற்கு முந்தைய வாரம் நமக்குப் பெரிய தொல்லை. சரக்கு கொடுப்பவர்கள் "ஸ்டாக் இல்லை" என்று கையை விரித்தார்கள். நான்கு நாள் கழித்து அதே பழைய விலை அச்சடித்த பாக்கெட்டுகளை, அச்சிட்ட விலைக்கு மேலே வைத்து நம் தலையில் கட்டினார்கள். பில்லும் இல்லை. நாம் அதை வாங்கி, கூடுதல் விலைக்கு விற்றால் சட்டப்படி தப்பு நம்முடையதாகிவிடுகிறது. நம் உறுப்பினர் ஒருவர் கடையில், வாடிக்கையாளர் பாக்கெட்டைத் திருப்பி, செல்போன் விளக்கை அடித்து விலையைப் படித்துக் காட்டி, தெருவே வேடிக்கை பார்க்கும்படி சண்டை போட்டார். இருபது வருஷம் நல்ல பெயர் எடுத்தவர் அன்று தலைகுனிந்து நின்றார். அந்தப் பாக்கெட்டில் அதிகமாகச் சம்பாதித்தவர் அங்கே இல்லவே இல்லை. அச்சிட்ட விலைக்கு மேல் யார் கொடுத்தாலும் வாங்குவதில்லை, பில் இல்லாத சரக்கு வேண்டவே வேண்டாம் என்று அந்த வாரமே தீர்மானம் போட்டோம். அந்தத் தீர்மானத்தைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கிறோம்.

கடையில் போடும் முதலீட்டுப் பிரச்சினையும் இருக்கிறது. விலை ஏறியபடி நம் கையில் நிற்கும் காசு ஏறுவதில்லை. ஆனால் அதே எண்ணிக்கைப் பாக்கெட் வாங்க அதிகப் பணம் முடங்குகிறது. அன்றாட வட்டிக்கு வாங்கிக் கடை நடத்துபவர்களுக்கு இது எவ்வளவு சுமை என்பதை வெளியே இருப்பவர்கள் புரிந்துகொள்வதில்லை. இந்த நேரம் பார்த்து, எச்சரிக்கைப் படமே இல்லாத வெளிநாட்டுப் பாக்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, பாதி விலை என்று கடை கடையாகச் சிலர் வந்தார்கள். பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படமும் வாசகமும் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். அது கடத்தல் சரக்கு.

பிப்ரவரியில் நடந்த அவசரக் கூட்டத்தில், ஒருநாள் கடையடைத்து வரியைத் திரும்பப் பெறச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று பாதிப்பேர் சொன்னீர்கள். நான் எதிர்த்துப் பேசினேன். சிலருக்கு என் மேல் இன்னும் வருத்தம். அதனால் காரணத்தை அறிக்கையிலேயே பதிவு செய்கிறேன்.

நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கார்த்திகையில் காலமானார். தொண்டைப் புற்று. நாற்பது வருஷம் சிகரெட் விற்றவர், விற்றதோடு பிடித்தவரும்கூட. ராஜாஜி ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது குழாய் வழியாகத்தான் கஞ்சி போனது. பேச முடியாது. என் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, கையை இடமும் வலமும் ஆட்டினார். அப்போது என் பையில் பாக்கெட் இருந்தது. அன்றோடு விட்டுவிட்டேன். இப்படி ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு, சிகரெட் விலை குறைய வேண்டும் என்று என் கையெழுத்தோடு ஒரு மனு போக என் மனசு ஒப்பவில்லை. தமிழ்நாட்டில் புகையிலை ஏதாவது ஒரு வகையில் பயன்படுத்தும் பெரியவர்கள் 2009–10-இல் 16.2 சதவீதம். 2016–17 கணக்கெடுப்பில் அது 20 சதவீதமாக ஏறியிருந்தது. விலை ஏறினால் இளசுகள்தான் முதலில் குறைப்பார்கள் என்பதை நம் கடை வாசலிலேயே பார்க்கிறோம். வரி வேண்டும் என்பதே என் கருத்து. அந்த வரி ஏறும்போது நடக்கும் பதுக்கலின் அடி பெட்டிக்கடை மேல் விழக்கூடாது என்பதற்காகப் போராடுவோம், அதற்கு நான் முன்னால் நிற்கிறேன்.

தெருவும் மாறிவிட்டது. முன்பு கடை வாசலில் நின்று புகை விட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்கள், "அண்ணே, அவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்க" என்று நேரடியாகவே சொல்கிறார்கள். அது சரிதான். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை இருக்கிறது, அபராதம் 200 ரூபாய் வரை. பேருந்து நிறுத்தத்தை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்கள் இதைக் குறிப்பாக நினைவில் வையுங்கள்.

ஆனால் அதே தெருவில்தான் பிள்ளைகளை சிகரெட் வாங்க அனுப்புகிறார்கள். ஆடி மாதம் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடச் சீருடையோடு ஒன்பது பத்து வயதுப் பையன் என் கடைக்கு வந்தான். உள்ளங்கையில் வியர்வை பட்ட பத்து ரூபாய் நாணயங்கள். "தாத்தாவுக்கு" என்றான். கொடுக்க மாட்டேன் என்று கடலை மிட்டாயைக் கையில் வைத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் தாத்தா வந்துவிட்டார். "முப்பது வருஷமா உன்கிட்டத்தான வாங்குறேன், பேரன் கையில கொடுத்தா என்ன?" என்று சத்தம் போட்டார். 18 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்று எழுதிய பலகையைக் காட்டினேன். அதைப் பார்க்கவே இல்லை. இரண்டு மாதம் எதிர்க்கடைக்குப் போனார். அங்கேயும் நம் உறுப்பினர்தான். அவரும் பையனிடம் கொடுக்கவில்லை. கடைசியில் பெரியவர் தானே நடந்து வரத் தொடங்கினார். அந்த எதிர்க்கடைத் தம்பிக்கு இந்த மேடையிலேயே நன்றி சொல்கிறேன்.

பலகை 60 செ.மீ.க்கு 30 செ.மீ. இருக்க வேண்டும். சங்கச் செலவில் அடித்து வைத்திருக்கிறோம், இன்னும் வாங்காதவர்கள் இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி, கல்லூரியிலிருந்து நூறு கஜத்துக்குள் கடை இருந்தால் புகையிலையே விற்கக்கூடாது. இந்த விதியால் நம்மில் சிலருக்கு வியாபாரம் பாதியாகிவிட்டது என்பதும் உண்மை.

குட்கா, பான் மசாலா பற்றி ஒரே வார்த்தை: கூடாது. 2013 முதல் தமிழ்நாட்டில் தடை. மாட்டினால் முதல் தடவையே 25,000 ரூபாய் அபராதம், கடைக்கு 15 நாள் பூட்டு. அப்படி மாட்டுபவருக்காகச் சங்கம் பேசாது.

சிகரெட்டை விட்டால் என்ன விற்பது என்று கேட்கிறீர்கள். பாலம் இறக்கத்தில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் அக்கா, கணவர் இறந்த பிறகு தனியாகக் கடையை நடத்துகிறவர், மார்கழியில் சிகரெட்டை அடியோடு நிறுத்தினார். அந்த இடத்தில் சாயங்காலம் பருத்திப்பால் போடுகிறார். முதல் மாதம் அடுப்புச் செலவுக்கே காணவில்லை. இப்போது ஏழு மணிக்குப் பாத்திரம் காலி. சிகரெட்டுக்கு வந்த கூட்டம் வரவில்லை, வேறு கூட்டம் வருகிறது என்றார். எல்லாக் கடைக்கும் இது கைகொடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், அடுப்பு வைக்க இடமில்லாத கடைகளே அதிகம். மாற்றுச் சரக்குக்கு மாறுகிறவர்களுக்குச் சங்க நிதியிலிருந்து வட்டியில்லாத கைமாற்று தரலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. உங்கள் ஒப்புதல் வேண்டும்.

கடைசியாக, பற்றவைக்கும் கயிறு. கடைத் தூணில் கட்டி, நுனியில் எப்போதும் கங்கு கனன்றுகொண்டிருக்கும் அந்தக் கயிறு என் அப்பா காலத்திலிருந்து என் கடையில் தொங்கியது. தை மாதம் அவிழ்த்துவிட்டேன். அது உரசிய இடத்தில் தூணில் கறுப்பாக ஒரு தடம் இன்னும் இருக்கிறது. கயிறு இல்லாததால் யாரும் வாசலில் நின்று பற்றவைப்பதில்லை, வாங்கிக்கொண்டு நடந்துவிடுகிறார்கள். மற்ற கடைகளிலும் இந்த மாதக் கடைசிக்குள் அவிழ்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்