85 வயதுக்கு மேற்பட்டோர் என்ற ஒற்றை வரி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை நிதானமாகப் படித்தேன். முதியோரின் இறப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய நிறைவு. அந்தப் பக்கம் யாரும் எளிதில் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் மூன்றாவது பத்தியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. '85 வயதுக்கு மேற்பட்டோரின் இறப்பு விகிதம் இருபது ஆண்டுகளில் உயர்ந்திருக்கிறது. முதியோருக்கான மருத்துவம் பின்னோக்கிப் போகிறது' என்று எழுதியிருக்கிறாய். முதல் பாதி கணக்குப்படி சரி. இரண்டாம் பாதி அதிலிருந்து பிறக்கவில்லை. அச்சுக்குப் போவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். போனில் சொன்னால் எண்கள் காற்றில் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு தாளை எடுத்துக்கொள். 85 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேர். அவர்களில் 700 பேர் 85 முதல் 89 வரை, 300 பேர் 90-ஐத் தாண்டியவர்கள். இளைய பிரிவில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் இறக்கிறார்கள், மூத்த பிரிவில் நூற்றுக்கு இருபது பேர். ஆக 70-உம் 60-உம் சேர்த்து 130 இறப்புகள். இருபது ஆண்டுகள் கழிகின்றன. மருத்துவம் முன்னேறி, இளைய பிரிவில் பத்து ஒன்பதாகிறது, மூத்த பிரிவில் இருபது பதினெட்டாகிறது. மக்கள் கூடுதல் காலம் வாழ்வதால் இப்போது இரு பிரிவிலும் 500 பேர். கூட்டிப் பார்: 45-உம் 90-உம் சேர்ந்து 135. ஒவ்வொரு வயதிலும் இறப்பு பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. மொத்த விகிதமோ ஏறியிருக்கிறது. உன் மூன்றாவது பத்தி இப்படியொரு 135-இன் மேல் நின்றுகொண்டிருக்கலாம்.

நான் போட்டவை கற்பனை எண்கள். ஆனால் அவற்றின் போக்கு கற்பனையல்ல. வயது ஏற ஏற இறப்பின் வேகம் மடங்கு மடங்காகப் பெருகுகிறது என்பதை பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர் 1825-லேயே எழுதிவைத்தார். நடுவயது தொடங்கி முதுமை வரை, சுமார் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது. 85 வயதுக்காரரையும் 95 வயதுக்காரரையும் ஒரே வரியில் எழுதினால், ஒருவரைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான ஆபத்தில் இருக்கும் இன்னொருவரை அவருடைய இரட்டையர் என்று சொல்வதாகும்.

எனக்கு இதில் கோபமே உண்டு, மறைக்கவில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் இறப்பை நாம் எப்படிப் பிரித்துப் பார்க்கிறோம்? முதல் ஏழு நாள், முதல் 28 நாள், பிறகு ஓராண்டு வரை. அந்த நுணுக்கத்தால்தான் எந்தக் குழந்தைக்கு எந்த வாரத்தில் எந்த உதவி தேவை என்று தெரிந்தது, எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. முதியோரிடம் வரும்போது '85+' என்று ஒரு கூட்டல் குறியைப் போட்டு முடித்துவிடுகிறோம். அந்தக் குறிக்குள் இருபது ஆண்டு வாழ்க்கை அடங்கியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டு அட்டவணைகளோடு வேலை பார்த்த காலமெல்லாம் அந்தக் கடைசி வரிதான் என்னை உறுத்தியது. இப்போது அந்த வரியை நோக்கி நானே நடந்துகொண்டிருக்கிறேன்.

குறுகிய வயதுப் பிரிவாக எடுத்துக்கொண்டால் தப்பிவிடலாம் என்று நினைக்காதே. 2015-இல் ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள், அமெரிக்காவில் ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்) அல்லாத வெள்ளையர்களில் 45 முதல் 54 வயது வரை உள்ளோரின் இறப்பு விகிதம் 1999-க்குப் பிறகு உயர்ந்ததாகக் காட்டினார்கள். உலகமே பேசியது. ஆண்ட்ரூ கெல்மன் என்ற புள்ளியியலாளர் அந்தப் பிரிவுக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிறந்த பெருங்கூட்டம் 1999-இல் அந்தப் பிரிவின் இளைய முனையில் இருந்தது. 2013-இல் கூட்டம் மூத்த முனைப் பக்கம் சாய்ந்திருந்தது. பிரிவின் சராசரி வயது ஏறக்குறைய அரை ஆண்டு கூடியிருந்தது. அரை ஆண்டுதானே என்று தோன்றும். அந்த வயதில் அது மட்டுமே இறப்பு விகிதத்தை நூற்றுக்கு நான்கு அளவில் தூக்கிவிடும். வயதைச் சரிசெய்து பார்த்தபோது, ஆண்களின் விகிதம் 2005 வரை ஏறிப் பிறகு இறங்கியது. பெண்களுடையது தொடர்ந்து ஏறியது. ஒரே கோடாகத் தெரிந்தது இரண்டு வேறு கதைகளாகப் பிரிந்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை நீ விட்டுவிடக் கூடாது. மற்ற பணக்கார நாடுகளில் அதே வயதினரின் இறப்பு இறங்கிக்கொண்டே வந்த ஆண்டுகளில் இவர்களுக்கு அப்படி இறங்கவில்லை என்ற அடிப்படைச் செய்தி, திருத்தத்துக்குப் பிறகும் அசையவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'மக்களுக்கு வயதாகிறது, அதனால் இறப்பு கூடுகிறது' என்ற பதிலைக் கேடயமாகத் தூக்கிப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். வயதாவதால் எவ்வளவு, மற்ற காரணங்களால் எவ்வளவு என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். காட்டாதவரை அந்தப் பதிலையும் நம்பாதே.

கணக்கிடுவது கடினமும் இல்லை. ஒவ்வொரு ஒற்றை வயதுக்கும் தனித்தனியாக இறப்பு விகிதத்தை எடு. பிறகு ஒரே மக்கள்தொகை அமைப்பை எல்லா ஆண்டுகளுக்கும் பொருத்து. மேலே போட்ட கணக்கில், பழைய 700-உம் 300-உமே இருபது ஆண்டுக்குப் பிறகும் இருந்திருந்தால் 63-உம் 54-உம் சேர்ந்து 117 இறப்புகள்தான். 130 என்பது 117 ஆகிறது. உண்மையில் நடந்த குறைவு அப்படியே தெரிகிறது. வயதுக்குத் தரப்படுத்திய இறப்பு விகிதம் என்று சொல்வது இதைத்தான். ஆனால் தரப்படுத்தப்பட்டது என்று மேலே எழுதியிருந்தால் மட்டும் போதாது. உள்ளே 85+ ஒரே கட்டியாக இருந்தால் அந்தக் கட்டிக்குள் எதுவும் சரிசெய்யப்படவில்லை என்று பொருள். ஆண், பெண் கணக்கையும் பிரித்து வாங்கு. பொதுவாக எந்த வயதிலும் ஆண்களின் இறப்பு விகிதம் கூடுதல். முன்பைவிட அதிக ஆண்கள் 85-ஐத் தாண்டினால், நல்ல செய்தியான அதுவே மொத்த விகிதத்தை மேலே தள்ளும்.

எந்த ஆண்டிலிருந்து ஒப்பிடுகிறாய் என்பதையும் பார். 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். அடுத்த ஆண்டு அங்கே இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. 2003-ஐத் தொடக்கமாக வைத்து எழுதினால் 2004 அற்புதமாகத் தெரியும். 2004-ஐத் தொடக்கமாக வைத்தால் அடுத்தடுத்த ஆண்டுகள் பின்னடைவாகத் தோன்றலாம். ஒற்றை ஆண்டுகளை நம்பாதே, ஐந்தாண்டுச் சராசரியாவது எடு.

இறப்புகளை வகுக்கும் மக்கள்தொகை எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறந்தவர்களைப் பதிவேட்டில் ஒவ்வொருவராக எண்ணுகிறோம். உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மதிப்பீடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1919-இல் பிறந்தவர்களின் கதை எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். முதல் உலகப் போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பியதால் அந்த ஆண்டின் பிறப்புகள் பிற்பாதியில் குவிந்தன. பிறப்புகள் ஆண்டு முழுவதும் சீராகப் பரவியிருக்கும் என்ற எண்ணத்தில் அமைந்த நடு ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தவில்லை. அந்தப் பிழை அவர்கள் கூடவே வளர்ந்து, கூடவே கிழடாகி, பல பத்தாண்டுகளாக அந்தத் தலைமுறையை முன்னும் பின்னும் பிறந்தவர்களிடமிருந்து வேறுபட்டதாகக் காட்டியது. முதுமையில் எண்ணிக்கை சுருங்குவதால் சிறு பிழைகூட விகிதத்தைப் பெரிதாகப் புரட்டிவிடும்.

ஆகவே மூன்றாவது பத்தியை இப்போதைக்கு நிறுத்திவை. புள்ளிவிவர அலுவலகத்துக்கு எழுதி 85 முதல் 100 வரை ஒற்றை வயது வாரியாக, ஆண் பெண் தனித்தனியாக, இறப்பும் மக்கள்தொகையும் கேள். பெரும்பாலும் அவர்களிடம் இருக்கும், அச்சில் மட்டும் போடமாட்டார்கள். 87 வயதிலும் 91 வயதிலும் 94 வயதிலும் விகிதம் ஏறியிருந்தால், உன் சந்தேகம் சரி. இப்போது எழுதியிருப்பதைவிடக் கடுமையாக எழுது, யார் பெயரைச் சொல்ல வேண்டுமோ சொல். குறைந்திருந்தால், உழைத்த செவிலியர்களையும் மருத்துவர்களையும் குற்றவாளிகளாக்கியிருப்பாய் என்பதை நினைத்துப் பார்.

சில வயதில் ஏறி, சில வயதில் இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படி வந்தால் எந்த வயதில் மாறுகிறது என்று குறித்து எனக்கு அனுப்பு. அட்டவணை வந்ததும் கோடு போட்ட தாளில் நானும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கிறேன், இருவருக்கும் ஒரே விடை வருகிறதா என்று ஒத்துப் பார்ப்போம். ஆசிரியர் அவசரப்படுத்தினால் ஒரு வாரம் தவணை கேள்.

அன்புடன்,
அம்மா