கண்காட்சியோடு கலைந்துபோகும் குழுக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வர்த்தகக் கண்காட்சிகளையும் தொழில் கருத்தரங்குகளையும் நடத்துவோர் சமூக ஊடகங்களைக் கையாளும் விதம் குறித்துச் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

பெரும்பாலான அமைப்பாளர்கள் முகநூல் பக்கத்தையும் வாட்ஸ்அப் குழுவையும் சுவரொட்டி ஒட்டும் சுவராகவே கருதுகின்றனர். தொடக்க விழா வரை நாள்தோறும் அறிவிப்புகள் வருகின்றன. பிறகு மேடையில் பொன்னாடை போர்த்தும் படங்கள் வரிசையாக ஏறுகின்றன. அரங்குகளைப் பிரித்த மறுநாளிலிருந்து அங்கே பேச்சு மூச்சு இல்லை. அடுத்த முறை, பெயரோடு புதிய ஆண்டைச் சேர்த்து வேறொரு பக்கமும் வேறொரு குழுவும் தொடங்கப்படுவதால், ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்களையே மறுபடியும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆண்டு குறிப்பிடாத ஒரே பெயரையும் ஒரே ஹேஷ்டேக்கையும் தொடர்ந்து பயன்படுத்தினால் இந்த வீண்வேலை மிச்சமாகும் என்பது ஏனோ பலருக்குத் தோன்றுவதில்லை. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப வல்லுநர் ட்விட்டரில் ஹேஷ்டேக்கை முன்மொழிந்ததே, ஒரு குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் என்றுதான். அவர் எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டதும் பங்கேற்பாளர்களே கூடி நடத்தும் ‘பார்கேம்ப்’ என்ற சந்திப்பைத்தான்.

குழுவை உயிரோடு வைத்திருப்பவை கேள்விகளே. பொதிகட்டும் இயந்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போன ஒருவர், “இது சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் ஓடுமா?” என்று குழுவில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்பாளர் தமது பட்டறையில் அந்த இயந்திரம் ஓடும் காணொளியை அனுப்புகிறார்; அதை ஏற்கெனவே வாங்கிய மூன்றாமவர், எந்த உதிரிபாகம் சீக்கிரம் தேய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அரங்கின் இரைச்சலில் கிடைக்காத இந்த உரையாடலை அதே ஐயம் உள்ள அத்தனை பேரும் படிக்கிறார்கள். பெரிய அரங்கு எடுக்க வசதியில்லாத சிறு நிறுவனத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது.

ஆனால் பல குழுக்களில் அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்று பூட்டிவிடுகிறார்கள். காலை வணக்கப் படங்களும் ஃபார்வர்டுகளும் குவியும் என்ற அச்சம் நியாயமானதே. (அமைப்பாளர்கள் மீதான புகார்கள் பொதுவில் வந்துவிடும் என்ற அச்சமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.) அதற்குத் தீர்வு வாயை அடைப்பதன்று. வாட்ஸ்அப்பில் 2022 முதல் உள்ள ‘கம்யூனிட்டி’ வசதியில், அறிவிப்புகளுக்குத் தனிக் குழுவும், அதன்கீழ் இயந்திரங்கள், மூலப்பொருள், ஏற்றுமதி எனத் துறைவாரியாகப் பேசும் குழுக்களும் அமைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு குழுவிலும் துறை அறிந்த ஒருவர், ஆண்டு முழுவதும் பதில் சொல்லும் பொறுப்பை ஊதியத்துடன் ஏற்றிருக்க வேண்டும். மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே இதற்குப் போதும்.

நுழைவுப் பதிவுக்காகக் கொடுத்த கைபேசி எண்ணை, கேட்காமலேயே குழுவில் சேர்த்துவிடும் வழக்கமும் நிற்க வேண்டும். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒருவரது எண் எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிகிறது; விற்பனை அழைப்புகள் அதன்பின் ஓய்வதில்லை. பதிவு மேசையில் ஒரு க்யூஆர் குறியீட்டை வைத்துவிட்டால் விருப்பமுள்ளவர் தாமே சேர்ந்துகொள்வார்.

1995 முதல் நடந்துவந்த ‘ஈ3’ என்ற புகழ்பெற்ற வீடியோ கேம் கண்காட்சி, 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடப்பட்டது. கொரோனா கால முடக்கமும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அதற்கு முன்பே பெரிய நிறுவனங்கள் சொந்த இணைய ஒளிபரப்புகள் மூலம் ரசிகர்களை நேரடியாக அடையத் தொடங்கி, கண்காட்சியிலிருந்து விலகிக்கொண்டிருந்தன. கூடத்தை வாடகைக்கு விடுவதோடு தம் வேலை முடிந்ததென நினைக்கும் அமைப்பாளர்கள் இதைக் கவனிப்பது நல்லது. அரங்குக்கு முன்பணம் கட்டவிருக்கும் சிறு நிறுவனத்தாரும், சென்ற ஆண்டுக் குழுவில் கடைசியாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு யாராவது பதில் அளித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்திடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்