வீட்டுக் கோழிகளின் தீராத தோல் நோய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் வாவிக்கு மேற்கே படுவான்கரையாயினும் கிழக்கே எழுவான்கரையாயினும் நாலைந்து ஊர்க்கோழிகளேனும் இல்லாத வளவு அரிது. அவற்றுள் பல, பிள்ளைகள் பெயர் சூட்டி, கையில் தீன் கொடுத்து வளர்ப்பவை. இறகு உதிர்ந்து தோல் சிவப்பது, கால் செதில் தடித்து வெடிப்பது, கொண்டையில் பொருக்குக் கட்டுவது ஆகியவை இக்கோழிகளில் மாதக்கணக்கில் நீடிப்பதையும், மருந்து போட்டும் மாறவில்லை என்று வளர்ப்பவர்கள் மனம் சலித்துக் கைவிடுவதையும் அயலில் தொடர்ந்து காண்பதால் இதனை எழுதுகிறேன். என்ன நோயென்று பாராமல் மருந்திடுவதும், கோழியை மட்டும் கவனித்துக் கூட்டை மறப்பதும், ஒரு தடவையோடு நிறுத்துவதுமே பெரும்பாலான வேளைகளில் இதற்குக் காரணம்.

இரத்தம் குடிக்கும் சிவப்புச் சிற்றுண்ணி பகலில் கோழியின் உடம்பில் இருப்பதில்லை. கூட்டுப் பலகையின் இடுக்குகளிலும், கிடுகின் மடிப்புகளிலும், முட்டையிடும் பெட்டியில் விரித்த பழைய சாக்கிலும் ஒளிந்திருந்து, இரவில் மட்டுமே கோழியின் மேல் ஏறுகிறது. பகலில் எவ்வளவு தேடினாலும் அகப்படாத இதனை, இருட்டிய பின் டோர்ச் வெளிச்சத்தில் எளிதாகக் காணலாம். கோழி தங்கும் தடியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் சிவப்புக் கோடுகள் படியும். இரத்தமின்றியே பல மாதங்கள் உயிர்வாழக் கூடியது என்பதால், கோழியை எத்தனை முறை கழுவினாலும், சாக்கை எரித்து, பலகைகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைக்காதவரை அது திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

பேன் அப்படியன்று. அது கோழியின் உடம்பிலேயே வாழ்ந்து, எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகுகளின் அடியில் வெள்ளைக் கொத்தாக முட்டையிடுகிறது. பேனைக் கொல்லும் தூள் அம்முட்டைகளைக் கொல்வதில்லை. ஆகவே 7 முதல் 10 நாட்களுக்குள் மீண்டும் தூவ வேண்டும். எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நாளில் தூவுவதும் அவசியம். ஆண்டுக்கொருமுறை இறகு மாற்றுவதும், சேவல் மிதித்து முதுகு வெறுமையாவதும் நோயல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கால் செதிலின் கீழே துளைத்து வாழும் சிற்றுண்ணிக்குப் பொறுமையே முதல் மருந்து. இளஞ்சூடான சவர்க்கார நீரில் காலை ஊறவைத்து, தானாகக் கழலும் பொருக்கை மட்டும் மென்மையான தூரிகையால் அகற்றி, நன்றாக உலர்த்திய பின் வாசிலினையோ தேங்காயெண்ணெயையோ தடிப்பாகப் பூசினால், உள்ளே இருக்கும் உண்ணி மூச்சின்றிச் சாகும். சில நாட்களுக்கு ஒருமுறையென இதனை வாரக்கணக்கில் செய்ய வேண்டும். செதில் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகலாம். அதைக் கண்டு மருந்து பிடிக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

எனக்கு மிகுந்த வேதனை தருவது மண்ணெண்ணெயும் கழிவு எஞ்சின் ஒயிலும் பூசும் வழக்கம். அவை கோழியின் தோலை எரித்துப் புண்ணாக்குகின்றன. வயலுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தைக் கோழியின் மேல் தெளிப்பது அதனினும் கொடியது. கோழியையே கொல்லக் கூடிய அந்நஞ்சு, அதைத் தூக்கி விளையாடும் பிள்ளையின் கையிலும் ஒட்டும். ஐவர்மெக்ரின் போன்ற உண்ணி கொல்லும் மருந்துகளையும் கால்நடை வைத்தியரிடம் அளவு கேட்டே கொடுக்க வேண்டும். அம்மருந்தின் எச்சம் முட்டையில் தங்குவதால், எத்தனை நாட்களுக்கு முட்டை உண்ணக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டறிய வேண்டும்.

மாரி தொடங்கியதும் நுளம்பு பெருகி, அதன் கடியால், கொண்டையில் பொருக்குக் கட்டும் கோழி அம்மை பரவுகிறது. கோழிகள் புரண்டு உடம்பைத் துப்புரவாக்கும் உலர்ந்த புழுதியும் அக்காலத்தில் கிடைப்பதில்லை. கூரையின் கீழே ஒரு பெட்டியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தால் அந்தக் குறையேனும் தீரும். அம்மை வைரசால் வருவது. அன்ரிபயோடிக் அதனைக் குணப்படுத்தாது. பொருக்கைப் பிய்க்காமல், நோயுற்ற கோழியைத் தனியே வைத்துத் தீனும் நீரும் உட்செல்கிறதா என்று பார்த்துக்கொண்டால், பெரும்பாலானவை 2 முதல் 4 வாரங்களில் தேறும். வாயினுள் மஞ்சள் படலம் கட்டி மூச்சுத் திணறினால் மட்டும் தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இறக்கைத் தோலில் குத்தும் தடுப்பூசி இந்நோய்க்கு உண்டு. ஆனால் ஒரு குப்பியில் பல கோழிகளுக்குப் போதுமான மருந்து இருக்கும். கரைத்த சில மணித்தியாலங்களுக்குள் அதனை முடித்துவிட வேண்டும். நான்கு கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு இது எட்டாத காரியம். எனவே கிழக்கு மாகாண கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், மாரிக்கு முன் ஆவணி, புரட்டாதி மாதங்களில் கிராமத்துக்கு ஒரு நாள் குறித்து, கிராம அபிவிருத்திச் சங்கங்களின் ஊடாக வீட்டுக் கோழிகளை ஓரிடத்தில் சேர்த்துத் தடுப்பூசி ஏற்றவும், அன்றைய தினமே கால், தோல், இறகு ஆகியவற்றைப் பரிசோதித்து ஆலோசனை வழங்கவும் ஒழுங்கு செய்ய வேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோழி வளர்ப்பாளர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.