கண் ஆபரேஷனும் ஜார்ஜ் பென்சனும்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் கண் ஆபரேஷனும் முடிந்து இப்போது தேவலை. படிக்கக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது என்று உட்கார வைத்துவிட்டதால் காதுக்குத்தான் வேலை. நாள் முழுக்க அமெரிக்க ஜாஸ்காரர்கள் இரண்டு பேர்: கிட்டார் வாசித்துப் பாடும் ஜார்ஜ் பென்சன், பாடகர் அல் ஜாரோ.

நீ முகம் சுளிப்பது தெரிகிறது. ஹாஸ்டலில் நீ சாக்ஸபோன் மேதை கோல்ட்ரேன் கேசட்டைப் போட்டால் எல்லோரும் வாய் பேசாமல் கேட்போம். பென்சனை மட்டும் நான் அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போடுவேன். லிஃப்டில் போடுகிற பாட்டு என்பாய் நீ. இந்த வயதில் யாருக்கு ஒளித்துக் கேட்பது? எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், அன்றும் பிடித்தது.

பென்சனின் 'ப்ரீசின்' ஆல்பம் 1976-இல் வந்து ஜாஸ், பாப் பட்டியல்கள் இரண்டிலும் முதலிடம் பிடித்தது. காசுக்குப் போய்விட்டார் என்று ஜாஸ்காரர்கள் பலர் சொன்னார்கள். 1968-இல் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் ரெக்கார்டில் கிட்டார் வாசித்த அதே கைதானே அது? 'ப்ரீசின்' ஆல்பத்தில் பென்சன் பாடியிருப்பது ஒரே ஒரு பாட்டு, லியான் ரஸ்ஸல் எழுதிய 'திஸ் மாஸ்கரேட்'. ஹெட்போன் வைத்துக் கேள். வார்த்தை இல்லாமல் வாயால் ஸ்வரங்களை ஓட்டுகிறார். அதே ஸ்வரம் அதே நொடியில் கிட்டாரிலும் விழுகிறது. வேகம் பிடிக்கிற இடத்தில்கூட இரண்டும் பிசகுவதில்லை. மனதில் தோன்றுவது தொண்டைக்கும் விரலுக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேர வேண்டும். இது எத்தனை வருஷ சாதகம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜாரோ இன்னும் நெருக்கம். சான் பிரான்சிஸ்கோவில் பகலில் மறுவாழ்வு ஆலோசகர் வேலை, ராத்திரியில் பியானோக்காரர் ஜார்ஜ் டியூக்கின் குழுவோடு பாட்டு. முதல் பெரிய ஆல்பம் 1975-இல் வரும்போது வயது 35. அமெரிக்க இசை விருதான கிராமியை ஜாஸ், பாப், ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) மூன்று பிரிவிலும் வாங்கியவர். ஆனால் எனக்கு அவருடைய பரிசுகளைவிட அந்தக் குரலின் பரிவுதான் பெரிசு. எதிரில் உட்கார்ந்து நம் கஷ்டத்தைக் கேட்டுவிட்டுப் பேச ஆரம்பிப்பவர் போலப் பாடுகிறார். 2017-இல் அவர் போனபோது சொந்தத்தில் ஒருவரை இழந்த துக்கம் எனக்கு. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்கூட.

உனக்காக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். 1977-இல் வந்த ஜாரோவின் கச்சேரி ஆல்பத்தில் 'டேக் ஃபைவ்' என்ற ஜாஸ் பாட்டு இருக்கிறது. ஐந்து எண்ணிக்கை, நம் கண்ட நடைக்குத் தொடை தட்டிப் பழகிய உனக்குத் தடுமாற்றம் இருக்காது. வாயாலேயே தாளவாத்தியம் அத்தனையும் வாசித்துக்கொண்டு பாட்டுக்குள் நுழைகிறார். வாயால் தாளச் சொற்கள் சொல்லும் நம் கொன்னக்கோல்காரர்கள் கேட்டால் எழுந்து நின்று கை தட்டுவார்கள்.

மார்கழிக் கச்சேரிகளுக்கு வரும்போது வீட்டில்தான் தங்க வேண்டும். காலையில் உன் கோல்ட்ரேன், சாயங்காலம் என் பென்சன். சண்டை போட விஷயம் இருக்கிறது, வா.

அன்புடன்,
சேகர்