வண்டியை எழுப்புவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில், "அப்பா, பனி எல்லாம் உருகிவிட்டது, சனிக்கிழமை மியாட்டா காரை வெளியே எடுக்கிறேன்" என்று நீ சொன்னபோது நானும் சரி, சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் சொல்ல விட்டுப்போனது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பேச்சில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன். வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படி.

நீ அனுப்பிய சர்வீஸ் புத்தகத்தை இந்தக் குளிர்காலம் முழுக்கப் படித்தேன். எத்தனையோ எஞ்சினைப் பிரித்துப் போட்ட எனக்கு உன் 1992 வண்டியின் எஞ்சினைத் தொடாமலே பிடித்துப்போயிற்று. அதனால்தான் இந்தக் கவலையும்.

நவம்பரில் நிறுத்திய வண்டி. இந்த ஐந்து மாதத்தில் மேலே இருந்த ஆயில் முழுக்கக் எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு, அதாவது சம்ப்புக்கு, வடிந்திருக்கும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டிலும் சிலிண்டர் சுவரிலும் மெல்லிய படலம்தான் மிச்சம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டால், ஆயில் பம்ப் மேலே ஏற்றி முடிக்கும் வரை இரும்போடு இரும்பு உரசும். வெளியே ஒன்றும் தெரியாது.

எனக்கு அது அனுபவம். பல மாதம் நின்றுபோன ஒரு வண்டியை, சொந்தக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று நேராகப் பற்றவைத்து, சத்தம் நன்றாக இருக்கட்டும் என்று ஆக்ஸிலேட்டரையும் மிதித்தேன். சில வாரத்தில் பேரிங் போய்விட்டது. என் மிதிதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்த எஞ்சினைப் பிரித்த நாள் இன்னும் மனதில் உறுத்துகிறது.

உன் வண்டியில் இதைத் தவிர்ப்பது சுலபம். எஞ்சினின் பின்பக்கம், எஞ்சினையும் உள்ளே உட்காரும் இடத்தையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டின் ஓரமாக, கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. கேம்ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வது அதுதான். அதன் பிளக்கைக் கழற்றிவிடு. இப்போது செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றும், ஆனால் ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலும் தெளிக்காது. ஐந்தாறு நொடி அடி, அரை நிமிடம் விடு, மறுபடி அடி. தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடாகிவிடும். டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் ஊசியைப் பார்த்துக்கொண்டே இரு. 1995க்கு முந்தைய மியாட்டாவில் அது உண்மையான அழுத்தத்தைக் காட்டும் மீட்டர். பிறகு வந்தவற்றில் அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் ஊசி சொல்லும். உன்னுடையது பழையது என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஊசி எழுந்த பிறகு பிளக்கை மாட்டி எஞ்சினைப் பற்றவை.

ஆனால் சாவியைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார். எலிக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. ஒயர்களைக் கடித்திருக்கிறதா, சைலன்சர் குழாய்க்குள் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். அந்தக் குழாயில் துணி அடைத்து வைத்தேன் என்று நவம்பரில் சொன்னாயே, முதலில் அதை எடு. வண்டிக்கு அடியில் தரையில் ஈரம் இருக்கிறதா பார். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றின் அளவையும் பார். கிளட்ச் பெடலை மிதித்துப் பார். தரையோடு போய் ஒட்டிக்கொண்டால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது என்று அர்த்தம். இந்த வண்டிக்கு அது வழக்கமான நோய்தான், பயப்படாதே, ஆனால் சரி பண்ணாமல் எடுக்காதே.

பேட்டரி டிக்கியில் இருக்கிறது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். அதன் பக்கத்தில் இரண்டு மெல்லிய காற்றுக் குழாய்கள் இருக்கும், அவற்றை மறக்காமல் சொருகு. பேட்டரி விடும் வாயு டிக்கிக்குள் தங்கக் கூடாது. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் நல்லது. 12.4க்குக் கீழே இருந்தால் ஒரு ராத்திரி சார்ஜ் போடு.

டயரில் 26 பிஎஸ்ஐ. ஐந்து மாதத்தில் குறைந்திருக்கும். ஒரே இடத்தில் நின்றதால் தட்டையாகி, முதல் சில கிலோமீட்டர் ஸ்டியரிங் அதிரலாம். சூடானதும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது சொல்வதில் நீ விளையாடவே கூடாது. மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட்டாதே. ஷட்டரைப் பாதி திறந்தாலும் போதாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தலை சுற்றும்போது நேரம் கடந்திருக்கும். ஆயிரம் கிலோகூட இல்லாத வண்டி அது, ஒரு தோழியைக் கூப்பிட்டு, நியூட்ரலில் போட்டு வெளியே தள்ளிவிட்டுப் பற்றவை. வீடு வரை புகை வராத மாதிரி நிறுத்து. தள்ளும்போது வண்டி நகரவில்லை என்றால் பின் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தினாய், அதனால் பெரிதாக இருக்காது. முன்னும் பின்னும் ஆட்டினால் விட்டுவிடும்.

எஞ்சின் பிடித்ததும் மேலே இருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். பயந்து அணைத்துவிடாதே. இந்த எஞ்சினில் வால்வுகளைத் தள்ளும் லிஃப்டர்கள் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்பவை. நின்ற காலத்தில் அவை காலியாகிவிடுவதால் திரும்ப ஆயில் நிறையும் வரை தட்டும். ஆக்ஸிலேட்டரைத் தொடாதே, எஞ்சின் தானாகவே கொஞ்சம் வேகமாக ஓடி மெல்ல இறங்கும். சைலன்சரில் வெள்ளையாக ஆவியும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் வந்தால் பரவாயில்லை.

அதே இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஓட விட வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் போதும். அப்புறம் மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடாக்குவதுதான் எஞ்சினுக்கு நல்லது. ரோட்டுக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே நான்கைந்து தடவை பிரேக் பிடித்துப் பார். டிஸ்க்கில் இருக்கும் துருவால் முதலில் கரகரக்கும், பிறகு அடங்கும். டெம்பரேச்சர் ஊசி நடுவுக்கு வந்துவிட்டது என்று மிதித்துவிடாதே, அது தண்ணீரின் சூடு. ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். கால் மணி நேரமாவது 3000 ஆர்பிஎம்முக்குள் வைத்துக்கொள். ரோட்டில் குளிர்காலத்தில் கொட்டிய மணல் இன்னும் கிடக்கும். உன் டயர் கோடைக்கானது, 7 டிகிரிக்குக் கீழே அதன் ரப்பர் விறைத்துவிடும். பின் சக்கரம் தள்ளுகிற வண்டி, டிராக்‌ஷன் கன்ட்ரோலும் (சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் வசதி) இல்லை. முதல் நாள் வளைவுகளில் பொறுமையாகப் போ.

கூரையைத் திறக்க ஆசையாக இருக்கும், தெரியும். பின் ஜன்னல் பிளாஸ்டிக் இந்தக் குளிரில் வெடித்துவிடும். வெயில் வரட்டும். எப்போது மடித்தாலும் முதலில் ஜிப்பைத் திறந்து ஜன்னலைப் படுக்க வை.

சனிக்கிழமை நான் காலையிலேயே போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பானட்டைத் திறந்து வைத்து அந்த டிக் டிக் சத்தத்தை அது அடங்கும் வரைக்கும் பதிவு பண்ணி அனுப்பு கண்ணு. எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று நானும் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா